கையெழுத்து போடும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தால் அன்னையர் தினச் சிறப்புப் பக்கம். மார்ச் 8 வந்தால் மகளிர் தினப் பக்கம். ஒன்றில் தாயின் பொறுமையையும் உழைப்பையும் மன உறுதியையும் வாழ்த்துகிறோம். மற்றதில் பெண்ணின் சம உரிமையைப் பேசுகிறோம். இந்த இரண்டு பேச்சும் ஒன்றாகச் சோதிக்கப்படுகிற இடம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே ஒரு தாய் போடும் கையெழுத்தைப் பற்றி, சொத்து ஆவணங்களோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம்.

உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை விலையில்லாமல் எழுதிக் கொடுப்பது தான செட்டில்மெண்ட். அப்படி ஒரு பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். "நீர் எனக்குக் குமாரர் என்பதாலும், உம்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கும். நடுவில் "சொத்தை இன்றே உம்முடைய சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்; இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் பின்வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று வரும். சுவாதீனம் என்றால் சொத்து கைவசம் இருப்பது; பாத்தியம் என்றால் உரிமை. கடைசியில், "இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று ஒரு வரி. இவை பத்திர எழுத்தரின் கணினியில் ஏற்கெனவே தட்டச்சாகிக் கிடக்கிற வரிகள். பெயர், சர்வே எண், நான்கெல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எழுதிக் கொடுத்த பிறகு தாய் எந்த அறையில் படுப்பார், மருந்துக்கு யார் பணம் கொடுப்பார் என்பதற்கு அந்த வார்ப்பில் இடம் கிடையாது. கேட்டால் சேர்ப்பார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்பதே பல தாய்மாருக்குத் தெரியாது.

பதிவு நடக்கிற நேரத்தையும் பாருங்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் மகன் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். கேமரா முன்னால் உட்கார வைக்கிறார்கள். விரல் ரேகைக் கருவியில் பெருவிரல் பதியவில்லை. துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் தேய்ந்த விரலில் ரேகை சுலபத்தில் விழாது. "அம்மா, சம்மதத்தோடதானே எழுதிக் கொடுக்கிறீங்க?" "ஆமாங்க." அவ்வளவுதான். பதிவுச் சட்டத்தின் 35-வது பிரிவு அலுவலரிடம் கேட்பது, எழுதிக் கொடுத்ததை அவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதைத்தான். "எழுதி வாங்குபவர்" பக்கத்திலேயே நிற்கும்போது எந்தத் தாய் இல்லை என்பார்?

எழுதி வாங்குகிற மகன்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. செட்டில்மெண்டுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் இவ்வளவுதான். 60 லட்சம் மதிப்புள்ள வீடானாலும் 50,000 ரூபாயோடு வேலை முடிகிறது. அதையே கிரயமாக எழுதினால் 9 சதவீதம், அதாவது 5,40,000 ரூபாய். வீட்டுக்கடனுக்கு வசதி, பட்டா உடனே மாறும், தாயின் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி வழக்குக்குப் போக மாட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்த வசதிகளில் ஒன்றுகூட, தாயின் பாதுகாப்பை எழுதி வைத்தால் கெட்டுப்போய்விடாது.

எழுத வேண்டியது இரண்டு. ஒன்று, ஆயுள் அனுபவ உரிமை: "என் ஆயுட்காலம் வரை மேற்படி வீட்டில் குடியிருக்கவும் அதன் வாடகையை வசூலித்து அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு, என் ஆயுட்காலத்தில் என் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது." இரண்டு, பராமரிப்பு நிபந்தனை: "செட்டில்மெண்ட் பெறுபவர் என் ஆயுட்காலம் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளைச் செய்து தர வேண்டும், தவறினால் 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி இந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர எனக்கு உரிமை உண்டு."

இதில் அடிக்கடி நடக்கிற தவறு: புது வரிகளைச் சேர்த்துவிட்டு, வார்ப்பில் இருக்கிற பழைய வரிகளை எடுக்காமல் விட்டுவிடுவது. ஒரு பத்தியில் "ரத்து செய்யக் கோர உரிமை உண்டு" என்றும், அடுத்த பத்தியில் "ரத்து செய்ய அதிகாரமில்லை" என்றும் இருந்தால் பின்னால் வாதம் யாருக்குச் சாதகமாகப் போகும் என்று சொல்ல முடியாது. "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்ற வரியும் ஆயுள் அனுபவ உரிமையோடு ஒத்துப்போகாது. அதையும் திருத்த வேண்டும். "சுவாதீனம் கொடுக்காவிட்டால் தானமே செல்லாதே" என்று சில எழுத்தர்கள் சொல்வார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது: அனுபவ உரிமையைத் தன் ஆயுள் வரை வைத்துக்கொண்டு எழுதிய தானமும் செல்லும். அந்த வழக்கில் எழுதிக் கொடுத்தவரே பின்னால் ரத்து செய்யப் பார்த்து, முடியாமல் போனது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆயுள் உரிமை தலைக்கு மேல் கூரையைக் காப்பாற்றும். பத்திரத்தைத் திரும்பப் பெற்றுத் தராது. அதற்குத்தான் இரண்டாவது நிபந்தனை.

அந்த நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டுமா, இல்லாமலே உள்ளதாகக் கொள்ளலாமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டதைக் காட்டாவிட்டால் 23-வது பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரி 2-ம் தேதி அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்தது சரி என்றும், இது மூத்தோரைக் காக்க வந்த சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி போனது: அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதுகிறேன் என்று இருந்தாலே, கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. இருந்தாலும் அந்த வழக்கின் தாயைப் போல 87 வயதில் உயர் நீதிமன்றம் வரை போய் அந்த அர்த்தத்தைப் பெறுவதைவிட, பதிவு நாளில் இரண்டு வரி எழுதிவிடுவது சுலபம்.

ஏற்கெனவே நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், சார்பதிவாளரிடம் தாமாகப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செட்டில்மெண்டை ஒருதலையாக ரத்து செய்வது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் சொல்லிவிட்டது. நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் வேறு. அதைக் கொடுத்தவர் பொதுவாகத் தாமே ரத்து செய்து பதியலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணத்தை விடுகிறவர்கள் உண்டு. செட்டில்மெண்டுக்கு வழி இரண்டுதான்: உரிமையியல் நீதிமன்றம், அல்லது ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயம்.

தீர்ப்பாயத்துக்குப் போக வழக்கறிஞர் தேவையில்லை. 17-வது பிரிவு அப்படித்தான் அமைத்திருக்கிறது. மனுவைத் தாயே கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். மனுவில் வேண்டியவை: பிள்ளைகள் அனைவரின் பெயரும் முகவரியும், மாதச் செலவு எவ்வளவு, அதில் மருந்துக்கு எவ்வளவு, வயதுச் சான்று, பத்திரத்தின் நகல். ஒரே மகன் மேல்தான் மனு என்றாலும் மற்றவர்களையும் தீர்ப்பாயம் அழைக்கலாம். மகளுக்கும், மேஜரான பேரப்பிள்ளைகளுக்கும் பொறுப்பு உண்டு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்; அவசியமானால் இன்னும் 30 நாள். அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால் மூன்று மாதத்துக்குள் மறுபடி மனு கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, ஒரு வருடப் பாக்கி சேர்ந்த பிறகு வந்து நிற்பவர்களுக்குப் பழைய மாதங்கள் கைவிட்டுப் போய்விடுகின்றன.

வயதில் ஒரு குழப்பம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு கேட்க 60 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோராக இருந்தால் போதும், மாற்றாந்தாயும் இதில் அடக்கம். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் 23-வது பிரிவு மட்டும் மூத்த குடிமக்களுக்கானது. 54 வயதில் கணவரை இழந்து, 55-ல் எழுதிக் கொடுக்கும் தாய்க்கு அந்தப் பிரிவை நம்பி இருப்பது ஆபத்து. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

எங்களைக் கேட்டால், அவசரமில்லாத குடும்பத்தில் செட்டில்மெண்டைவிட உயில் நல்லது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சாகும் நாள்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர்கள் தாயின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரையும் அவர் மனைவியையும் சாட்சியாகப் போட வேண்டாம். சாட்சிகள் தாயைவிட வயதில் குறைந்தவர்களாக இருக்கட்டும்: உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல ஒரு சாட்சியாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ விட்டுவிட்டோ எழுதினால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். காரணமே சொல்லாத உயில்தான் அதிகம் சந்தேகத்துக்கு ஆளாகிறது. அன்றைய தேதியில் நினைவு தெளிவாக இருப்பதாக மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கி வைக்கலாம்.

இது தாயின் பெயரில் உள்ள சொத்துக்கு. தந்தை பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் கதை வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு பேச்சு எழும்: "அம்மாவும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் பட்டா மாறும்." இது உண்மையில்லை. இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழும் இருந்தால் வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற முடியும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விடுதலைப் பத்திரம் என்பது பங்கைத் துறப்பது. பட்டா மாற்றுவதற்கான படிவம் அல்ல.

தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லாருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. இதில் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். மகன் இறந்தால் அவருடைய தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை இரண்டாம் வகுப்புதான். தாய்க்குச் சட்டம் தந்தையைவிட முன்னிடம் கொடுத்திருக்கிற அபூர்வமான இடம் இது. ஆனாலும் ஊரில் தனியாக இருக்கிற பாட்டியின் பெயர் வாரிசு சான்றிதழ் மனுவில் விட்டுப்போகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் இருந்தால் தாய்க்கு 4-ல் 1 பங்கு. அவரை விட்டுவிட்டு மூன்று பேர் சேர்ந்து விற்றால், வாங்கியவர் தலையில்தான் பின்னால் வழக்கு விழும். மறுபக்கமும் உண்டு: இளம் வயதில் கணவரை இழந்த மருமகளை, மாமியாரின் ஒரு கையெழுத்தைக் காட்டி மைத்துனர்கள் ஆட்டிவைப்பது. இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு ஆண்கள் பேரம் பேசுவது அங்கே நடக்கிறது.

பூர்வீகச் சொத்துக்கு வந்தால் தாயின் நிலை இன்னும் மோசம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 60 ஆண்டு கழித்து, 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. ஆனால் அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9-ல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பிறப்பால் பங்கு என்றது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மகள் மேலே வந்துவிட்டாள். தாய்?

90 சென்ட் பூர்வீக நிலம். தந்தை, தாய், ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை உயிலின்றி இறக்கிறார். இறப்பதற்கு முன் பாகப்பிரிவினை நடந்ததாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது. அந்தப் பிரிவினையில் தந்தை, மகன், மகள் மூவருக்கும் 30 சென்ட் வீதம். மனைவி கூட்டுக்குடும்பப் பங்காளி இல்லை. பாகப்பிரிவினையில் மனைவிக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் வேறு சில மாநிலங்களில் உண்டு, நம் பக்கம் வழக்கொழிந்துவிட்டது. பிறகு தந்தையின் 30 சென்ட் மட்டும் மூன்றாகப் பிரியும். முடிவில் மகனுக்கு 40, மகளுக்கு 40, தாய்க்கு 10. முப்பது நாற்பது வருடம் அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு 9-ல் 1 பங்கு. அந்தப் பத்து சென்டுக்கும்தான் விடுதலைப் பத்திரம் கேட்கிறார்கள்.

மகளிடம் கையெழுத்து வாங்கும் வேலையும் தாயின் தலையில்தான் விழுகிறது. "உன் தம்பிதான் நாளைக்கு உனக்குச் சீர் செய்யணும், நாலு பேர் பார்க்க கோர்ட்டுக்குப் போகாதே" என்று மகளிடம் சொல்லச் சொல்வார்கள். தாயின் சொல்லுக்குக் குடும்பத்தில் இருக்கிற பலம் மகளின் பங்குக்கு எதிராகவே பயன்படுகிறது. தாய்மாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம்: மகளைக் கையெழுத்து போடச் சொல்வதற்கு முன், பங்கை விடுவதற்கு ஈடாக பத்திரத்தில் "பிரதிபலன்" என்ற இடத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது, அது உண்மையிலேயே கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.

சிறு பிள்ளைகளோடு கணவரை இழந்த தாய் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. பிள்ளைகளின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாய் கையெழுத்து போட்டால் போதும் என்று தரகர் சொல்வதைக் கேட்டு விற்றால், பிள்ளை 18 வயதாகி மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு 3-ல் 1. ஆனால் மனைவி மக்கள் இல்லாத மகன் இறந்து, தந்தை உயிரோடு இருந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை, முழுதும் தந்தைக்கே. முஸ்லிம் தனிச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு 8-ல் 1, இறந்தவரின் தாய்க்கு 6-ல் 1.

மகள் இறந்தால் தாய்க்கு என்ன என்ற கேள்வியை வீடுகளில் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூசும். ஆனால் வேலைக்குப் போய்ச் சொந்தமாகச் சம்பாதிக்கும் திருமணமான மகள்கள் பெருகிவிட்ட காலத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாமல் உயில் எழுதாது இறக்கும் பெண்ணின் சுயசம்பாத்தியம் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் அவர்களுக்குப் பின்னால்தான். 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓம்பிரகாஷ் - ராதாசரண் வழக்கில் நடந்தது இதுதான். திருமணமான மூன்று மாதத்தில் கணவர் இறந்தார்; புகுந்த வீட்டார் வெளியேற்றினர்; பிறந்த வீடு அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது; அவர் வேலைக்குப் போய்ச் சேர்த்து வைத்தார். உயில் எழுதாமல் இறந்தபோது தாய் கேட்டார். நீதிமன்றம் அனுதாபம் சட்டத்தை மாற்றாது என்ற நிலையை எடுத்தது. பணம் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு: பிள்ளைகள் இல்லாவிட்டால் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சம்பளப் பணத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு அந்த விலக்கு இல்லை. வங்கியில் அம்மா பெயரை நாமினியாகப் போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், உரிமையாளர் அல்ல. வேலைக்குப் போகும் மகள் தன் தாயைக் கௌரவிக்க விரும்பினால் இரண்டு சாட்சிகளோடு ஒரு பக்க உயில் போதும்.

வீட்டோடு இருந்த தாயின் உழைப்புக்கு வருவோம். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளை உழைக்காதோர் வகையில், பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து வைத்ததை உச்ச நீதிமன்றமே 2010-ல் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு - கம்சலா அம்மாள் வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தாலும் மனைவி வீட்டைக் காத்து நடத்தியதால்தான் அந்தச் சொத்து சேர்ந்தது, ஆகவே அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றது. இதை மேற்கோள் காட்டித்தான் வாதாட வேண்டியிருக்கிறது; சட்டப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை.

வாங்கும்போதே தாய் பெயரில் வாங்குவது நல்லது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்தச் சலுகைக்காக மட்டும் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் "அப்பா காசுதானே" என்று பிள்ளைகள் கிளம்புவது உண்டு. கணவர் கணக்குள்ள வருமானத்தில் மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகாது என்று பினாமிச் சட்டமே விலக்கு தருகிறது. அசல் பத்திரம் தாயின் பெட்டியில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்க்கலாம், பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

அரசுக்கு எங்கள் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, 15-வது பிரிவையும் பாகப்பிரிவினையில் தாயின் பங்கையும் திருத்த வேண்டும். அதை டெல்லி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாரிசுரிமை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1989-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு தானே திருத்திய சட்டம்தான் இது. இன்னொரு முறை திருத்தலாம்.

மற்றது, பதிவுத் துறை செய்ய வேண்டியது. அதற்குச் சட்டசபை கூடத் தேவையில்லை. செட்டில்மெண்ட் பத்திரத்தின் மாதிரிப் படிவத்தில் ஆயுள் அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் முதலிலேயே அச்சிட்டு வைக்க வேண்டும். வேண்டாம் என்கிற தாய் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்து போடட்டும். இப்போது வேண்டும் என்கிறவர்தான் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 60 வயதைக் கடந்தவர் எழுதிக் கொடுக்க வந்தால், எழுதி வாங்குபவரை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, அலுவலர் பத்திரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். "இதுக்கப்புறம் வீடு உங்க பேர்ல இருக்காதும்மா, தெரியுமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். கேமரா ஏற்கெனவே மேசைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சொத்து ஆவணங்களோடு புழங்கும் வாசகர்கள்